அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு 50,000 ரூபாய்: கொடுக்கும் முன் எப்படி விசாரிப்பது?

பாளை மகள் | ஞாயிறு, இரவு 8.15

எங்கள் அம்மா முக்கூடலில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். மடியில் தட்டும் கையில் கத்தரியும் இல்லாமல் அவரை நான் பார்த்த நாள்கள் குறைவு. தை மாதம் முதலாண்டுத் திதி வருகிறது. அவருடைய வருங்கால வைப்பு நிதியிலிருந்து என் பங்காக வந்த 50,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு புடவை எடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கோ முதியவர்களுக்கோ பயன்படும்படி கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் தயங்கி நிற்கிறேன். போன வாரம் வெள்ளை உடையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ரசீதுப் புத்தகம், பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய ஆல்பம். மாவட்டத்தின் தெற்கே ஓர் இல்லம் நடத்துகிறார்களாம். “இப்போதே ரொக்கமாகக் கொடுங்கள். திதியன்று உங்கள் அம்மா படத்தின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிறோம்” என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

முன்பே ஒரு முறை பட்டிருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்த அந்த இரவில், உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கியூஆர் குறியீடு வந்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாடியில் தவிப்பவர்களுக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. 5,000 ரூபாய் அனுப்பினேன். யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் திரையில் வந்தது. அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? பிறகு என்ன வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு மாதத்தில் அந்த எண்ணே இயங்கவில்லை. அந்தப் பணம் சாப்பாடாகப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை.

அது என் சம்பளப் பணம், போகட்டும் என்று விட்டேன். இது அம்மாவின் பணம். இல்லம் நடத்துபவர்கள், கணக்கு எழுதுபவர்கள், விவரம் தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். எதைக் கேட்க வேண்டும், எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?

அம்பை ஓய்வூதியர் | ஞாயிறு, இரவு 9.40

அம்மா, முப்பத்துமூன்று ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். பணம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்குவேன். நல்ல மனிதரா, பக்தி உள்ளவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அறக்கட்டளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். நிறுவனரின் பெயரில், அவர் மனைவியின் பெயரில், மேலாளரின் கைப்பேசி எண்ணில் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். “அறக்கட்டளைக் கணக்கில் கொஞ்சம் சிக்கல், தற்காலிகமாக இதில் போடுங்கள்” என்பது நான் கவுன்டரில் பலமுறை கேட்ட வசனம். யுபிஐயில் அனுப்பும்போது வங்கியில் பதிந்த பெயர் திரையில் வரும். அதைப் படித்த பிறகே ரகசிய எண்ணை அழுத்துங்கள். ரசீதில் இருக்கும் பெயரும் திரையில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அவர்களுடைய பான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். தனிநபர் என்றால் அங்கே பர்சன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து நிற்கும். அறக்கட்டளை என்றால் டிரஸ்ட் என்பதன் முதல் எழுத்து, கம்பெனி என்றால் கம்பெனி என்பதன் முதல் எழுத்து. பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பெரும்பாலும் ‘ஏ’ இருக்கும். “எங்கள் டிரஸ்ட்” என்று சொல்லிவிட்டுத் தனிநபரின் பான் எண்ணை அச்சடித்த ரசீதை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அது. அப்படி நாற்பது ஆண்டுகளில் உழைத்துச் சேர்த்த பெயரைப்போல ஒலிக்கும் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள ஒரு நாள் போதும். ஒரு சொல் மாறினாலும் அது வேறு அமைப்பு.

ரொக்கம் வேண்டாம். கோடிட்ட காசோலையாகக் கொடுங்கள். அதைக் கவுன்டரில் பணமாக மாற்ற முடியாது, வங்கிக் கணக்கில் மட்டுமே வரவு வைக்க முடியும்.

ஆற்றங்கரைத் தெரு | திங்கள், காலை 6.20

எனக்கு இந்தப் பேச்சு வருத்தமாக இருக்கிறது. அம்மாவின் நினைவாகக் கொடுப்பது தர்மம். தர்மத்துக்கு பான் எண் கேட்டு, ரசீதை உரசிப் பார்த்துக் கொடுத்தால் அதில் மனம் எங்கே இருக்கிறது? மேலக்கருவேலங்குளத்தில் பிறந்து ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயா தம் சம்பளத்தையே கொடுத்தவர். 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வாங்குபவரிடம் சான்றிதழ் கேட்டா கொடுத்தார்? நம் மனம் சுத்தமாக இருந்தால் போதும். ஏமாற்றினால் அந்தப் பாவம் அவர்களோடு.

நாங்குநேரிக் கொடை | திங்கள், காலை 7.55

ஐயா, உங்கள் மனதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறீர்களா?

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கொடை முடிந்து அடுத்த வாரம் கோயில் முற்றத்தில் ஊர் கூடும். வரவு செலவை ஒருவர் எழுந்து நின்று வாசிப்பார். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, வில்லுப்பாட்டுக்காரருக்கு முன்பணம் இவ்வளவு, கணியான் கூத்துக்கு இவ்வளவு, பூ இவ்வளவு, கிடா இவ்வளவு. வரி கொடுத்தவர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். ஒரு முறை என் தாத்தா எழுந்தார். “சாமந்திக்குப் போன வருடத்தைப்போல இரண்டு மடங்கு வந்திருக்கிறதே, ஏன்?” என்று கேட்டார். கணக்கு எழுதியவர் தாத்தாவின் சொந்த மைத்துனர். கோபித்துக்கொள்ளவில்லை. கொடையன்று தோவாளையில் பூ விலை ஏறிய கதையைச் சொல்லிச் சிட்டையை நீட்டினார். தாத்தா வாங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வருடமும் அதே மைத்துனர்தான் கணக்கு எழுதினார்.

சாமிக்குக் கொடுத்த பணத்துக்குச் சொந்த மைத்துனரிடம் சிட்டை கேட்ட ஊர் இது. அதனால் சாமிக்கு யாரும் மரியாதை குறைத்ததாகச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவரிடம் 50,000 ரூபாய் கொடுக்கும்போது மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது?

கல்யாணசுந்தரம் ஐயா விஷயம் வேறு. அவர் கொடுத்தவர், தம் கையால் கொடுத்தவர். அவர் பெயரைச் சொல்லி வாங்க வருபவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பாவம் அவர்களோடு என்கிறீர்கள். பசி பிள்ளைகளோடு அல்லவா நிற்கிறது?

டவுண் கணக்கர் | திங்கள், இரவு 10.10

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அறக்கட்டளைக் கணக்குகளும் எங்களிடம் வரும். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகள் உண்டு. பிரிவு எண்களையும் படிவ எண்களையும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்கிறேன். 2026 ஏப்ரலில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. 12ஏபி என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. 80ஜி என்பது கொடுக்கும் நமக்குச் சலுகை தருவது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதியை, ஓர் உச்சவரம்புக்குள், நம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்ற சிலவற்றுக்கு முழுத் தொகையும் கழியும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. அரிசி, துணிமணியாகக் கொடுத்தாலும் கிடையாது. ஆகவே 50,000 ரூபாயை ரொக்கமாகக் கேட்டுவிட்டு “80ஜி ரசீது தருகிறோம்” என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சான்றிதழின் தேதியைப் பாருங்கள். முன்பெல்லாம் ஒருமுறை வாங்கிய 80ஜி சான்றிதழை ஆண்டுக்கணக்கில் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருப்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லோரும் புதிதாகப் பதிந்தாக வேண்டும் என்று ஆயிற்று. இப்போதைய பதிவுக்குக் காலவரம்பு உண்டு. தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடும். 2021க்கு முந்தைய பழைய சான்றிதழை மட்டும் காட்டினால் அது செல்லாது. வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே விலக்குப் பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்கலாம்.

இன்னும் உறுதியான சோதனை பணம் கொடுத்த பிறகுதான் வரும். நன்கொடையாளர் பட்டியலை அறக்கட்டளை 10பிடி என்ற படிவத்தில் துறையிடம் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ என்ற சான்றை மே 31க்குள் தர வேண்டும். அந்தச் சான்று துறையின் தளத்திலிருந்து வருவது, கையால் எழுதுவதல்ல. எனவே முன்பு கொடுத்த ஒருவரிடம் கேளுங்கள்: “போன ஆண்டு உங்களுக்கு 10பிஇ வந்ததா?”

இனி ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன எதுவுமே இல்லம் நன்றாக நடக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. நிதி ஆயோக்கின் தர்பண் எண்ணை ரசீதில் பெரிதாக அச்சடிப்பார்கள். அது அரசின் பாராட்டுப் பத்திரமல்ல. அவர்களே தங்கள் விவரத்தைப் பதிந்துகொண்ட அடையாள எண், அவ்வளவுதான்.

ஆகவே வரவு செலவு அறிக்கையை வாங்கிப் பாருங்கள், மூன்று ஆண்டுகளுக்கு. கணக்குப் படிக்காதவரும் பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. போன ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். இது பிசகினால் மேலே படிக்கவே வேண்டாம். அடுத்தது சாப்பாட்டுச் செலவு. நாற்பது பிள்ளைகள், 365 நாள்கள் என்றால் 14,600 பிள்ளை நாள்கள். அறிக்கையில் சாப்பாட்டுக்கு மூன்று லட்சம் என்று இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 21 ரூபாய்கூட வரவில்லை. அப்படியானால் அரிசி நன்கொடையாக வந்திருக்க வேண்டும், அது பொருள் பதிவேட்டில் இருக்க வேண்டும். அல்லது நாற்பது பிள்ளைகள் அங்கே இல்லை. அல்லது பிள்ளைகள் அரைவயிற்றோடு இருக்கிறார்கள். எது என்று கேளுங்கள்.

அறிக்கையில் ஆடிட்டர் கையெழுத்தோடு யுடின் என்ற 18 இலக்க எண் இருக்கும். 2019 ஜூலையிலிருந்து ஆடிட்டர்கள் சான்றளிக்கும் அறிக்கைகளுக்கெல்லாம் அது கட்டாயம். பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையான கையெழுத்தா என்று தெரிந்துவிடும். முத்திரை செய்து கொடுக்கும் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்த எண்ணை யாரும் கடையில் செய்ய முடியாது.

ஊதியச் செலவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். “ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு ரூபாயும் பிள்ளைகளுக்கே” என்று சொல்பவரிடம்தான் நான் அதிகம் விசாரிப்பேன். சமைப்பவருக்கும் இரவில் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருப்பவருக்கும் சம்பளம் வேண்டும். அவர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கிவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்லக்கூடாது.

வள்ளியூர் செல்வி | செவ்வாய், இரவு 9.05

நான் பதினோரு ஆண்டுகள் பிள்ளைகள் இல்லத்தில் காப்பாளராக இருந்தேன். கணக்கர் அண்ணன் காகிதத்தைச் சொல்லிவிட்டார். அங்கே வாழ்ந்தவள் சொல்வதைக் கேளுங்கள்.

அக்கா, அம்மா படத்துக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்துகிறோம் என்று சொன்னார்களே, அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. ஆல்பத்தில் பிள்ளைகளின் முகத்தை ஒட்டி வீடு வீடாகக் கொண்டுபோகிறவர்கள் அந்தப் பிள்ளைகளை என்னவாக நினைக்கிறார்கள் என்று யோசியுங்கள். நாளை அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும், வேலைக்குப் போகும். “உன் படத்தை ரசீதுக்காரர் ஆல்பத்தில் பார்த்தேன்” என்று யாராவது சொன்னால் அதன் முகம் எப்படி ஆகும்?

முதலில் கேட்க வேண்டியது இளைஞர் நீதிச் சட்டப் பதிவு. பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 41ஆம் பிரிவின்படி பதிந்தே ஆக வேண்டும், அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பதியாமல் நடத்தினால் சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ உண்டு. டிரஸ்ட் பத்திரம் இருக்கிறது, 80ஜி இருக்கிறது என்பது இதற்கு ஈடாகாது. அடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வந்ததா என்று கேளுங்கள். பிள்ளையின் பெயர் கேட்க வேண்டாம், ஆணை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். “பாவம், யாருமில்லை, நாங்களே கூட்டிவந்துவிட்டோம்” என்பது இரக்கம்போலத் தோன்றும். அது சட்டமீறல். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் அந்த இல்லம் பதிவில் இருக்கிறதா என்று சொல்வார்கள். தவறு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

நேரில் போங்கள். சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை. சொல்லாமல் போகும்போது பிள்ளைகள் இருக்கும் அறைகளுக்குள் விடமாட்டார்கள். அது சரிதான், முன்பின் தெரியாதவரை உள்ளே விடும் இல்லம்தான் ஆபத்தானது. ஆனால் அலுவலக அறையில் உட்காரவைத்து யாராவது பேசுவார்கள். அங்கே உட்கார்ந்தபடியே நிறைய தெரியும். வாசலில் எத்தனை சோடிச் செருப்பு கிடக்கிறது? கொடியில் எத்தனை துணி காய்கிறது? அறுபது பிள்ளைகள் என்றார்களே, கொடியில் பதினைந்து சட்டைதானே இருக்கிறது? புகார்ப் பெட்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா?

என் வேலையில் எனக்குத் தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட வருபவர்கள் பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு வருவார்கள். அதுவரை பிள்ளைகள் இலையின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். சோறு ஆறிப்போகும். பிறகு வரிசையாக நின்று நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை பாடிக்கொண்டே தூங்கிச் சாய்ந்ததை நான் தோளில் தாங்கியிருக்கிறேன். எந்த இல்லம் உங்களிடம் “பணத்தைக் கொடுங்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தமாட்டோம்” என்று சொல்கிறதோ அதை நம்பத் தொடங்கலாம்.

அனாதை இல்லம் என்ற சொல்லையும் விட்டுவிடுவோம். என்னிடம் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உண்டு. வறுமையும் குடியும் நோயும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்தன.

தோஹா ராதாபுரத்தான் | புதன், அதிகாலை 1.30

நல்ல இழை. எனக்கு ஒரு கேள்வி. நாங்கள் இங்கே எட்டுப் பேர் சேர்ந்து ஊரில் ஓர் இல்லத்துக்கு மாதாமாதம் அனுப்பலாம் என்று இருக்கிறோம். வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டும் என்கிறார்கள். எங்களால் அவர்களுக்குச் சிக்கல் வந்துவிடக்கூடாது. நம்மவர் ஒருவர் பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டார், அவரும் எங்களோடு சேர்கிறார்.

டவுண் கணக்கர் | புதன், காலை 8.00

தம்பி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலை அவர்களிடம் கொடுத்துவையுங்கள். பிரிட்டன் குடிமகனாகிவிட்ட நண்பரின் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும். அதை வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர முடியும். ஆகவே அவர் பணத்தை உங்கள் பணத்தோடு கலக்காதீர்கள். “என் தம்பி கணக்குக்கு அனுப்புங்கள், நாங்கள் உள்ளே மாற்றிக்கொள்கிறோம்” என்று எந்த இல்லமாவது சொன்னால் விலகிவிடுங்கள்.

ஒரு துணுக்குச் செய்தி: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. பழைய பதிவுகளில் அந்தப் பக்கத்து நிறுவனங்களுக்கும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். முகவரியில் மாவட்டம் மாறியிருப்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவுசெய்ய வேண்டாம்.

ஐகிரவுண்ட் செவிலி | புதன், பிற்பகல் 3.45

இல்லம் பற்றிய பேச்சுக்கு நடுவே ஒன்று. மருத்துவ உதவி கேட்டு வரும் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். மூக்கில் குழாயோடு ஒரு குழந்தையின் படம், கீழே ஒரு எண். அந்த எண்ணை அழைக்காதீர்கள். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து, இந்த உள்நோயாளி எண்ணில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. விண்ணப்பித்தார்களா என்று கேட்டுவிட்டு வழிகாட்டினால், சில குடும்பங்களுக்கு உங்கள் பணத்தைவிட அது பெரிய உதவி. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆற்றங்கரைத் தெரு | புதன், இரவு 7.30

வள்ளியூர் செல்வி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் அப்பாவின் திதிக்கு மூன்று ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறேன். ஒரு முறை நானும் தாமதமாகப் போனேன். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது அது ஒழுங்காகத் தெரிந்தது. இந்த ஆண்டு பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொள்கிறேன். கணக்கும் கேட்கப்போகிறேன்.

பாளை மகள் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.50

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதுவது கடமை.

வெள்ளை உடைக்காரர்களின் இல்லத்துக்கு நானும் தம்பியும் போனோம். வெளியே பெரிய பலகை. உள்ளே விடவில்லை, அது பரவாயில்லை. பதிவுச் சான்றைக் கேட்டேன். நிறுவனர் சென்னை போயிருக்கிறார், அலமாரிச் சாவி அவரிடம் என்றார்கள். பான் எண்ணைக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். நான்காவது எழுத்து தனிநபருடையது. செருப்பையும் எண்ணினேன், செல்வி. ஒன்பது சோடி. ஐம்பத்திரண்டு பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்கலாம். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நான் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

பிறகு என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்ன சிறிய இடத்துக்குப் போனேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் மையம். தங்கும் இல்லமல்ல. ஓடு போட்ட கட்டடம், பலகையின் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கேட்டவுடன் கோப்பை எடுத்து வைத்தார். 12ஏபி இருக்கிறது. 80ஜி புதுப்பிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் வரவில்லை. “இப்போது கொடுத்தால் உங்களுக்கு வரிச் சலுகை கிடைக்காமல் போகலாம், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவரே சொன்னார். கணக்கர் அண்ணாச்சி சொன்னபடி இறுதி இருப்பையும் தொடக்க இருப்பையும் ஒப்பிட்டேன், இரண்டு ஆண்டும் சரியாக இருந்தது. மூன்றாம் ஆண்டுக் கணக்கு வெள்ளத்தில் நனைந்துவிட்டது. ஆடிட்டரிடமிருந்து நகல் வாங்கித் தருவதாகச் சொன்னார், நான்கு நாளில் தந்தார். யுடின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

பொருள் பதிவேட்டையும் காட்டினார். கோடு போட்ட நீள நோட்டு. அரிசி வரவு, செலவு, இருப்பு என்று நாள்தோறும் எழுதி, பக்கத்தின் அடியில் சமையல்காரரின் கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் பாஸ் புத்தகம் நினைவுக்கு வந்தது. வாங்கிய இலை இவ்வளவு, தூள் இவ்வளவு, கொடுத்த பீடி இவ்வளவு, கழித்தது இவ்வளவு என்று வாராவாரம் எழுதுவார்கள். கடையில் கழிவு அதிகமாக எழுதினால் அம்மா அங்கேயே நின்று கட்டைப் பிரித்து எண்ணிக் காட்டச் சொல்வார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா நகரமாட்டார். சிறுபிள்ளையாக அவர் பக்கத்தில் நின்றபோது எனக்கு அது வெட்கமாக இருந்தது.

“சாப்பாட்டுக்கு என்று கொடுக்கட்டுமா?” என்று கேட்டேன். “அரிசி மூன்று மாதத்துக்கு இருக்கிறது, எல்லோரும் சாப்பாட்டுக்கே கொடுக்கிறார்கள்” என்றார். கழிப்பறைக்குக் கதவும் பிடிமானக் கம்பியும் வேண்டுமாம். பெரிய பிள்ளைகள் இருவரால் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை, ஒவ்வொரு முறையும் ஆயா தூக்க வேண்டியிருக்கிறது. கதவுக்குப் பதில் இப்போது சாக்குத் துணி தொங்குகிறது.

மையத்தின் பெயருக்கு 20,000 ரூபாய்க்குக் கோடிட்ட காசோலை கொடுத்தேன். கம்பி பதித்து, கதவு போட்டு, பில் காட்டிய பிறகு மீதி 30,000. இதை அவரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. “அப்படித்தான் செய்ய வேண்டும்” என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே தச்சருக்குப் போன் செய்து அளவெடுக்க வரச் சொன்னார்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். கம்பி பதித்தாகிவிட்டது. சிமென்ட் இன்னும் ஈரமாக இருப்பதால் இரண்டு நாள் யாரும் பிடிக்கக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

அம்பை ஓய்வூதியர் | சனி, இரவு 8.20

காசோலை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த மையத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. நானும் வந்து நோட்டைப் பார்க்க வேண்டும்.